மருத்துவப் பதிவேடுகளில் விடுபட்ட தரவுகள்: ஒரு விமர்சன நோக்கு

நோயாளர் பதிவேடுகளைத் திரட்டி ஆராயும் மருத்துவ ஆய்வுகள் கடந்த சில தசாப்தங்களிற் பெருகியுள்ளன. பதிவேடுகள் சிகிச்சையின் தேவைக்காக எழுதப்படுபவை. ஆய்வாளரின் தேவைக்காக எழுதப்படுபவையல்ல. ஆதலின் அவற்றிலே வெற்றிடங்கள் காணப்படுதல் இயல்பே. அவ்வெற்றிடங்களை வெறும் கணிதச் சிக்கலாகக் கொள்வதா, அன்றி அவை தோன்றுவதற்கான சமூகக் காரணங்களையும் இணைத்து நோக்குவதா என்பதே நாம் ஈண்டு எழுப்பும் வினாவாகும். இதனை ஆராய்வதற்கு, பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் 2007ஆம் ஆண்டு வெளியான ‘கியூறிஸ்க்’ ஆய்வினை எடுத்துக்கொள்வோம்.

ஒருவர் அடுத்த பத்தாண்டுகளில் இருதய நோய்க்கோ பாரிசவாதத்துக்கோ ஆளாகும் அபாயத்தை மதிப்பிடுவதற்கு, அமெரிக்காவின் பிறேமிங்ஹாம் நகரில் 1948இல் தொடங்கிய ஆய்வின் வழிவந்த சூத்திரமே அதுவரை பெரிதும் கையாளப்பட்டது. அது பெரும்பாலும் வெள்ளையர் வாழ்ந்த ஒரு நகரத்து மக்களிடமிருந்து பெறப்பட்டதாகும். இதற்கு மாற்றாக, நொட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜூலியா ஹிப்பிஸ்லி-கொக்ஸ் தலைமையிலான குழுவினர், குடும்ப வைத்தியர்களின் கணினிப் பதிவேடுகளிலிருந்து 35 முதல் 74 வரை வயதுடைய ஏறத்தாழ 12 இலட்சத்து 80 ஆயிரம் பேரின் தரவுகளைக் கொண்டு புதிய சூத்திரமொன்றை வகுத்தனர். வசிப்பிடத்தின் வறுமை நிலையைக் காட்டும் டவுன்சென்ட் சுட்டெண்ணையும் அவர்கள் அதிற் சேர்த்தனர். நோயின் சமூக வேர்களைக் கணிப்புக்குள் கொண்டுவந்த இம்முயற்சியின் முற்போக்குத் தன்மையை நாம் முதலில் ஏற்றுக்கொள்ளல் வேண்டும்.

எனினும், இரத்தக் கொலஸ்திரோல் அளவு பெரும்பாலானோரின் பதிவேடுகளில் இருக்கவில்லை. ஆய்வாளர்கள் விடுபட்ட பெறுமானங்களைப் பன்முறை நிரப்பும் முறையைக் கையாண்டனர். டொனால்ட் றூபின் 1976இல் இட்ட கோட்பாட்டு அடித்தளத்தின் மீது எழுந்து, 1987இல் அவரது நூலில் விரிவாக விளக்கப்பட்ட முறை இது. ஒரு வெற்றிடத்துக்கு ஒரே எண்ணை இட்டு அதனை உண்மை அளவீடு போலப் பாவிக்காது, பல எண்களை இட்டுப் பல தொகுதிகளை ஆக்கி, அவற்றின் முடிவுகளை ஒன்றிணைத்து, நிரப்புதலால் எழும் நிச்சயமின்மையையும் கணக்கிற் கொள்வதே இதன் சிறப்பு.

ஆயினும் முதலில் வெளியான முடிவு வியப்பளித்தது. மொத்தக் கொலஸ்திரோலுக்கும் நல்ல கொலஸ்திரோலுக்கும் இடையிலான விகிதம் இருதய நோயுடன் தொடர்பற்றதாகத் தோன்றியது. நிறுவப்பட்ட மருத்துவ அறிவுக்கு இது முரணானது. பின்னர், முழுமையான பதிவுடையோரை மட்டும் நோக்கியபோது தொடர்பு தெளிவாகத் தென்பட்டதையும், திருத்திய நிரப்பு முறையும் அத்தகைய முடிவையே தந்ததையும் ஆய்வாளர்களே தெரிவித்தனர். ஜொனதன் ஸ்டேர்னும் பிறரும் 2009இல் அதே சஞ்சிகையில் எழுதிய கட்டுரை, இந்நிகழ்வைச் சுட்டி இம்முறையின் பயனையும் இடர்களையும் எடுத்துரைத்தது.

அவ்விடர்களுள் ஒன்று குறிப்பிடத்தக்கது. விடுபட்ட அளவை நிரப்பும்போது, அந்நபர் பின்னர் நோயுற்றாரா என்ற தகவலையும் பயன்படுத்தல் வேண்டும். அதனை விடுத்தால், நோயுற்றோருக்கும் நோயுறாதோருக்கும் ஒரே பாங்கான எண்கள் இடப்படும். மெய்யான தொடர்பு பொய்யாக நலிவடையும். அவ்வாறாயின் முழுமையான பதிவுகளை மட்டும் ஆராய்வதே மேல் எனச் சிலர் கருதக்கூடும். அதுவும் தீர்வன்று. வைத்தியர் ஐயுற்றவருக்கே பெரும்பாலும் பரிசோதனை செய்விக்கப்படுகின்றது. வைத்தியரை நாடாதவருக்கு ஏடு வெறுமையாகவே இருக்கின்றது. முழுமையான பதிவுடையோர் ஏனையோரின் பிரதிநிதிகள் அல்லர்.

தரவுகள் விடுபடுவதை மூவகையாகப் பகுப்பர்: எத்தொடர்புமின்றி எழுமாறாக விடுபடுதல், பதிவாகியுள்ள பிற தகவல்களால் விளக்கத்தக்கவாறு விடுபடுதல், விடுபட்ட பெறுமானமே காரணமாக விடுபடுதல். பன்முறை நிரப்புதல் வழக்கமாக இரண்டாம் வகையை எடுகோளாகக் கொள்கின்றது. அவ்வெடுகோள் சரியா, மூன்றாம் வகையே உண்மையா என்பதைக் கையிலுள்ள தரவுகளை மட்டும் கொண்டு எச்சோதனையாலும் தீர்மானிக்க இயலாது. இங்கேதான் கணிதம் தன் எல்லையை அடைகின்றது. அதற்கப்பால், யார் வைத்தியரிடம் சென்றார், யாருக்குச் செல்ல இயலவில்லை, யாரிடம் எது வினவப்படவில்லை என்னும் சமூக அறிவே துணையாதல் வேண்டும்.

2008இல் வெளியான கியூறிஸ்க்-2 இதற்கு மற்றொரு சான்று. அது இந்தியர், பாகிஸ்தானியர், வங்காளதேசத்தவர், கறுப்பினத்தவர் முதலியோரைத் தனித்தனி வகுப்புகளாகக் கொண்டது. இதுவும் பாராட்டத்தக்க முன்னேற்றமே. ஆனால் இனம் பதியப்படாதோர் வெள்ளையருடன் ஒரே வகுப்பிற் சேர்க்கப்பட்டனர். வெள்ளையரே பெரும்பான்மையினராதலின் இதற்கு நடைமுறை நியாயம் உண்டு. எனினும் அங்கு வாழும் இலங்கைத் தமிழர் ஒருவர், தனி வகுப்பின்றிப் ‘பிற ஆசியர்’ என்பதனுள் அடங்க வேண்டியவர், ஏட்டில் இனம் குறிக்கப்படாவிடின் வெள்ளையராகவே கணிக்கப்படுவார். பெரும்பான்மையை இயல்பெனவும் சிறுபான்மையை விலகலெனவும் கொள்ளும் கருத்துநிலை, எவரும் வேண்டுமென்று செய்யாமலே சூத்திரத்தினுள் புகுந்துவிடுகின்றது.

இவை ஏட்டளவிலான குறைகள் அல்ல. 2014இல் இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டல் கியூறிஸ்க்-2ஐப் பரிந்துரைத்ததோடு, கொலஸ்திரோல் குறைக்கும் மருந்தை வழங்குவதற்கான அபாய எல்லையை 20 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைத்தது. அவ்வெல்லையின் எப்பக்கத்தில் ஒருவர் நிற்கிறார் என்பதைச் சூத்திரம் தரும் எண்ணே பெரிதும் காட்டுகின்றது.

எனவே புள்ளிவிபரவியலை நிராகரிப்பது எமது நோக்கமன்று. 2007இன் வழு வெளிப்பட்டதும் திருந்தியதும் பகிரங்க விமர்சனத்தினாலும் அறிவியல் நேர்மையினாலுமே. நாம் கோருவன மூன்று: எத்தனை பேருக்கு எது விடுபட்டது என்பதை ஆய்வாளர் வெளிப்படையாகக் கூறல் வேண்டும், எவ்வெடுகோளின்மேல் வெற்றிடம் நிரப்பப்பட்டது என்பதையும், அது பிழைப்பின் முடிவு எவ்வாறு மாறும் என்பதையும் காட்டல் வேண்டும், விடுபட்டோர் சமூகத்தில் யார் என்பதை விளக்கல் வேண்டும். முதலிரண்டும் இன்று ஓரளவு வழக்கமாகிவிட்டன. மூன்றாவதே பெரும்பாலும் புறக்கணிக்கப்படுகின்றது. அதனை வற்புறுத்துவது மருத்துவருக்கும் கணிதவியலாளருக்கும் மட்டுமன்றிச் சமூகவியல் நோக்குடைய அனைவருக்கும் உரிய பணியாகும்.