காயத்தை ஆடிக் காட்டியவர்கள்

நடனம் மனப்புண்ணை ஆற்றும் என்று சொல்வதில் சிரமம் ஒன்றுமில்லை. அந்தப் புண்ணை உண்டாக்கியது யார் என்று கேட்பதில்தான் சிரமம். அமெரிக்கக் கறுப்பின நடனக் கலைஞர்கள் இந்தக் கேள்வியைத் தள்ளிப்போடவில்லை. காயம் இன்னதென்று ஊரறியச் சொல்வதுதான் அவர்களுக்கு முதல் வேலை. ஆறுதல் அதற்குப் பிறகுதான். நான்கு கலைஞர்களின் பணியைத் தொடர்ந்து பார்த்தால் இது தெளிவாகும்.

பேர்ல் பிரைமஸ் 1919இல் டிரினிடாடில் பிறந்தவர். சிறு குழந்தையாக நியூயார்க் வந்தார். உயிரியலில் பட்டம் பெற்றும், கறுப்பினத்தவர் என்பதால் ஆய்வகக் கதவுகள் திறக்கவில்லை. நடனத்துக்கு வந்தார். 1943இல் அவர் ஆடிய ‘ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்’, கறுப்பின மக்களை வெள்ளையர் கும்பல்கள் மரத்தில் தூக்கிலிட்டுக் கொன்ற கொடுமையைப் பற்றியது. கொல்லப்பட்டவராக அவர் ஆடவில்லை. கும்பலோடு நின்று பார்த்த ஒரு பெண்ணாக ஆடினார். எல்லாம் முடிந்த பிறகு, தான் கண்டது என்னவென்று அவளுக்கு உறைக்கிறது. உடல் முறுகுகிறது, தரையில் விழுந்து புரள்கிறது. பார்வையாளர்கள் இரக்கப்பட்டுவிட்டு எழுந்து போக இதில் வழியில்லை. தாங்கள் எந்தப் பக்கம் நின்றோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. மறு ஆண்டு பிரைமஸ் தென் மாநிலங்களுக்குப் போனார். பருத்திக் காட்டில் கூலியாட்களோடு வேலை செய்தார். கிராமத்து தேவாலயங்களில் உட்கார்ந்து வழிபாட்டின் அசைவுகளைக் கற்றார். பின்னாளில் மானுடவியல் படித்து, முனைவர் பட்டமும் பெற்றார்.

கேத்தரின் டன்ஹாமும் மானுடவியல் படித்தவர். 1935-36இல் ஹைட்டி, ஜமைக்கா முதலிய தீவுகளில் தங்கி அம்மக்களின் ஆட்டங்களைப் பயின்றார். 1944இல் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில், கறுப்பினத்தவரைத் தனியே உட்காரவைத்த அரங்கில் ஆட நேர்ந்தது. நிகழ்ச்சி முடிந்ததும் மேடையிலிருந்தே, இந்த வழக்கம் மாறும்வரை இங்கே திரும்பி வரமாட்டேன் என்று அறிவித்தார். கும்பல் கொலையைச் சித்திரித்த அவரது ‘சவுத்லேண்ட்’ 1951இல் சிலியின் சாண்டியாகோவில் அரங்கேறியது. அமெரிக்க அதிகாரிகளின் அதிருப்திக்கு ஆளானது.

ஆனால் அவருடைய மிகப் பெரிய பணியாக நான் கருதுவது மேடைப் புகழுக்குப் பின் வந்தது. 1917இல் கறுப்பின மக்கள் படுகொலை செய்யப்பட்ட ஈஸ்ட் செயின்ட் லூயிஸ் என்ற தொழில் நகரம், 1960களில் வேலையின்மையால் நொடிந்து கிடந்தது. உலகம் சுற்றிய டன்ஹாம் அங்கே குடியேறி, 1967இல் கலைப் பயிற்சி மையம் தொடங்கினார். தெருக் கும்பல்களில் சேர்ந்திருந்த இளைஞர்களைத் தேடிப்போய் அழைத்தார். செனகல் நாட்டு முரசுக் கலைஞர் மோர் தியாம் போன்றவர்களை வரவழைத்துக் கற்பித்தார். தாளத்துக்குக் காத்திருப்பது, பக்கத்தில் ஆடுபவரை மதிப்பது, தன் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்று அறிவது எல்லாமே அங்கே பாடம். 1992இல், 82ஆம் வயதில், ஹைட்டி அகதிகளை அமெரிக்கா திருப்பி அனுப்புவதை எதிர்த்து 47 நாட்கள் உண்ணாவிரதம் இருந்தார். தனக்கு ஆட்டம் கற்றுக்கொடுத்த மக்களுக்கு அவர் பட்ட கடனை உடலாலேயே அடைத்தார்.

பில் டி. ஜோன்ஸ் எதிர்கொண்டது இன்னொரு காயம். வாழ்க்கைத் துணையும் கலைத் துணையுமான ஆர்னி ஜேன் 1988இல் எய்ட்ஸால் இறந்தார். ஜோன்ஸுக்கும் எச்ஐவி தொற்று இருந்தது. உயிருக்கு ஆபத்தான நோயுடையவர்களை ஊர் ஊராகக் கூட்டிப் பட்டறைகள் நடத்தினார். நடனம் அறியாதவர்களும் தங்கள் வாழ்க்கையையும் அச்சத்தையும் ஓர் அசைவாகச் செய்து காட்டினார்கள். அந்த அசைவுகளிலிருந்து 1994இல் ‘ஸ்டில்/ஹியர்’ பிறந்தது. விமர்சகர் ஆர்லீன் குரோச்சே, பாதிக்கப்பட்டோரைக் காட்டும் கலையை விமர்சிக்க இயலாது என்று கூறி, அதைப் பார்க்காமலேயே கண்டித்து எழுதினார். அவர் பார்த்திருக்க வேண்டும். நோயாளிகளின் முகமும் குரலும் காணொளிக் காட்சியிலும் ஒலிப்பதிவிலும் வர, மேடையில் ஆடியவர்கள் பயின்ற கலைஞர்கள். ஒருவரின் கையசைவை இன்னொருவர் பயின்று, அளந்து, மேடைக்கு உரியதாக்கிய அந்த உழைப்பை எந்தக் கலையளவுகோலாலும் மதிப்பிடலாம்.

ஜவோலே வில்லா ஜோ சொல்லார் 1984இல் நியூயார்க்கில் ‘அர்பன் புஷ் விமன்’ குழுவைத் தொடங்கினார். ‘ஹேர் ஸ்டோரீஸ்’ என்ற படைப்பை ஒட்டி, பெண்களை ஒன்றாக உட்காரவைத்துத் தலைமுடியைப் பற்றிப் பேசவைத்தார்கள். சுருண்ட முடியைச் சுட்டு நீட்டியது, எது நல்ல முடி என்று வீட்டிலேயே கேட்ட சொல், வேலைக்காக மாற்றிக்கொண்ட தோற்றம் என்று பேச்சு விரியும். தனக்கு மட்டும் நேர்ந்த அவமானம் என்று ஒருத்தி ஒளித்து வைத்திருந்தது, அறையிலிருக்கும் எல்லோருக்கும் நேர்ந்தது என்று தெரியவரும். அங்கேதான் ஆறுதல் தொடங்குகிறது.

இவர்களை மேடை வெற்றிகளால் மட்டும் அளக்கக்கூடாது. யாருடைய வாழ்வு ஆட்டமாகிறதோ, அவர்களுக்கு அந்த ஆட்டத்தில் என்ன உரிமை என்பதே சரியான அளவுகோல். இன்று பல நிறுவனங்கள் நடனப் பட்டறைகளை மன அமைதிக்கு என்று நடத்துகின்றன. அவற்றில் அநீதியைப் பற்றிய பேச்சுக்கு இடமில்லையென்றால், வலிப்பவர் வலியைப் பொறுத்துக்கொள்ளத்தான் பழகுவார். வலியின் காரணம் அப்படியே இருக்கும். அந்தக் காரணத்தைச் சொல்லும் துணிவைத்தான் பிரைமஸும் டன்ஹாமும் தங்கள் கலைக்கு முதல் பாடமாக வைத்தார்கள். பின்வந்தவர்கள் அந்தப் பாடத்தை விடாமல் காத்ததால்தான், அவர்களுடைய ஆட்டத்துக்கு ஆற்றும் வல்லமை உண்டு என்று நம்புகிறேன்.