கணக்கும் கதையும்

போன மாதம் நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். மேஜைமேல் கிடந்த புத்தகத்தைப் புரட்டியபடியே, எதைப் பற்றியது என்று விசாரித்தார். குடிப்பழக்கத்தை மாத்திரை சாப்பிட்டு விட்டொழித்த ஒரு டாக்டரின் சுயசரிதம் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "மாத்திரையின் பெயர் என்ன ஸார்? நாளைக்கு எத்தனை?" என்றார். அவருடைய மூத்த பையனைப் பற்றி எனக்குத் தெரியும். இன்னொரு தரம் படித்துவிட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பினேன். இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது வாசிப்பின் விளைவு.

ஒலிவியே அமைசென் என்ற பிரெஞ்சு இருதய நிபுணர் நியூயார்க்கில் தொழில் நடத்தியவர், பியானோவிலும் தேர்ந்தவர். குடி அவரைத் தொழிலிலிருந்தே விலக்கிவிட்டது. சிகிச்சை விடுதிகள், கூட்டங்கள் என்று எல்லாம் பார்த்தும் பலனில்லை. கடைசியில் பாக்லோஃபென் என்ற மருந்தைத் தாமே எடுத்துக்கொண்டார். தசை இறுக்கத்துக்கென்று அங்கீகாரம் பெற்ற மருந்து அது, குடிக்கு அல்ல. இந்த அநுபவத்தை அவர் இரண்டு தரம் எழுதியிருக்கிறார். முதலாவது, 2005-இல் ஒரு மருத்துவ சஞ்சிகையில் வந்த சில பக்கங்கள். இரண்டாவது, 2008-இல் பிரெஞ்சிலும் மறு வருஷம் இங்கிலீஷிலும் வெளிவந்த முழுப் புத்தகம்.

புத்தகம் ஸ்வாரஸ்யமாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் பக்கத்திலிருந்தே ஆசிரியருக்கு முடிவு தெரியும். ஆகவே ஒவ்வொரு வீழ்ச்சியும் வரப்போகும் வெற்றிக்கு ஒரு படியாகவே அமைந்துவிடுகிறது. நாவல் எழுதுகிற எனக்கு இந்த வித்தை பழக்கமானது. கடைசி அத்தியாயத்தை மனசில் வைத்துக்கொண்டுதான் நாங்கள் முதல் அத்தியாயத்தில் மழை பெய்ய வைக்கிறோம். நாவலில் அது குற்றமில்லை. மருந்து சாப்பிட்ட கதையில் அது வாசகனை எங்கோ இழுத்துக்கொண்டு போய்விடுகிறது.

சஞ்சிகையில் வந்த பக்கங்களில் அலங்காரம் ஒன்றுமில்லை. நாளைக்கு 30 மில்லிகிராமில் ஆரம்பம். மூன்று நாளைக்கு ஒரு தரம் 20 கூடுதல். ஆசை தலைதூக்கினால் அன்றைக்கு மட்டும் இன்னும் 20 முதல் 40 வரை. முப்பத்தேழாவது நாள் 270 மில்லிகிராம். அன்றோடு குடி வேட்கை அடங்கிவிட்டது. தூக்கக் கலக்கம் வந்தது. 120-க்குக் குறைத்ததும் அது போயிற்று. தொடர்ந்து ஒன்பதாவது மாதமாக வேட்கை இல்லாமல் இருப்பதாக எழுதுகிறார்.

'ஒன்பதாவது மாதம்' என்ற அந்த வார்த்தையில்தான் நான் நின்றுவிட்டேன். முடிவு தெரிந்தவன் மாதத்தை எண்ணமாட்டான். பத்தாவது மாதம் எப்படி இருக்குமோ என்ற பயம் அந்த எண்ணிக்கைக்குள் இருக்கிறது. புத்தகத்தின் அத்தனை பக்கங்களிலும் கிடைக்காத அந்த மனிதன் இந்த ஒரு வரியில் எனக்குக் கிடைத்தான். இலக்கியம் என்று பார்த்தாலும் அந்தச் சில பக்கங்களே உசத்தி என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் யோக்கியமான கணக்கும் ஒருவருடைய கணக்குத்தான். டாக்டரும் அவரே, நோயாளியும் அவரே. எழுதுகிறவரும் குணமாக ஆசைப்படுகிறவரும் ஒருவரே. வெறும் மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்க அங்கே இன்னொருவர் இல்லை. அப்படிப் பலரை வைத்து நடந்த பரீக்ஷைகளும் ஒரே பதிலைச் சொல்லவில்லை. 2016-இல் வெளிவந்த டச்சு ஆராய்ச்சி, பாக்லோஃபெனுக்கும் வெறும் மாத்திரைக்கும் வித்தியாசம் காணவில்லை. அதே வருஷம் முடிவு வெளியான ஒரு பிரெஞ்சு ஆராய்ச்சி அநுகூலம் கண்டது. பிரான்ஸ் 2014-இல் தாற்காலிக அநுமதி தந்தது. 2017-இல் நாளைக்கு 80 மில்லிகிராம் என்று வரம்பு கட்டியது. 2018-இல் அதே வரம்போடு முறையான அங்கீகாரம் அளித்தது. அமைசெனின் 270 அந்த வரம்புக்கு மூன்று மடங்குக்கு மேல். 2013-இல் காலமான அவர் இவற்றில் எதையும் பார்க்கவில்லை.

புத்தகம் பொய் சொல்கிறது என்பதல்ல என் குறை. படித்து முடித்தவன் கையில் அது ஒரு மாத்திரையின் பெயரைக் கொடுத்து அனுப்புகிறது. சஞ்சிகைக் குறிப்போ, 'எனக்கு இப்படி நடந்தது, மற்றவர்களுக்கு எப்படியோ, பாருங்கள்' என்கிற தொனியில் நின்றுவிடுகிறது. தவிக்கிற தகப்பனுக்கு முன்னது இனிக்கும், உதவக்கூடியது பின்னதுதான்.

நண்பர் மறுபடி வந்தார். பெயரை மறைக்கவில்லை, சொன்னேன். இந்த மருந்தும் குடியும் அளவு மீறிச் சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடலாம், திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், டாக்டர் பார்க்காமல் தொடவே கூடாது என்பதையும் சொன்னேன். டாக்டரிடம் போகும்போது பையனுக்கு ஒரு நோட்டுப் புத்தகமும் வாங்கிக் கொடுங்கள் என்றேன்.

"அதில் என்ன எழுதணும் ஸார்?"

"அன்றைக்கு நடந்ததை. மறுநாள் அதைத் திருத்தக்கூடாது, அவ்வளவுதான்."