புல்லட்டின் வலப்பக்கம்

பழைய புல்லட்டைப் புதிதாக வாங்கியவர் கிக்கரை ஓங்கி மிதிப்பார். அதோடு வளர்ந்தவர் முதலில் அம்மீட்டரைப் பார்ப்பார். சாவியைத் திருப்பிவிட்டுக் கிக்கரை மெல்ல அழுத்திக்கொண்டே போனால், முள் இடப்பக்கம் சாய்ந்து பிறகு நடுவுக்கு வரும். தீப்பொறிக்கான பாயிண்ட் திறந்துவிட்டது, பிஸ்டன் உச்சியை நெருங்கிவிட்டது என்று பொருள். அங்கே எஞ்சினின் அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்து, இன்னும் துளி அழுத்தி, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு ஒரே மிதி. வண்டி எழுந்துவிடும்.

இந்த அரை நிமிட வேலையைக் காட்டும் தமிழ் வீடியோக்கள் யூடியூபில் நிறைய இருக்கின்றன. பலவற்றில் கேமரா மெக்கானிக்கின் காலையே பார்த்துக்கொண்டிருக்கும். நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் ஒன்றில் காலும் இல்லை, முகமும் இல்லை. திரை முழுக்க அம்மீட்டரின் வட்டம்தான். "இப்ப முள்ளப் பாருங்கண்ணா... திரும்புது, திரும்புது... அங்கயே நிறுத்து" என்று ஒரு குரல் மட்டும் வருகிறது. எதைக் காட்டாமல் விடவேண்டும் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. கலை தெரிந்தவரின் வேலை அது.

நான் சென்னைத் திருவொற்றியூரில் உள்ள காலடிப்பேட்டைக்காரன். மெட்ராஸ் கவர்னர் ஜோசப் காலெட் காலத்தில் நெசவாளர்களைக் குடியேற்றிய ஊர். காலெட் பேட்டை என்பதே நம் வாயில் காலடிப்பேட்டை ஆயிற்று. எங்கள் திருவொற்றியூரில்தான் மெட்ராஸ் மோட்டார்ஸும், ராயல் என்ஃபீல்டைச் செய்த இங்கிலாந்தின் ரெட்டிச் கம்பெனியும் 1955-இல் கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. முதலில் புல்லட்டின் பாகங்கள் கப்பலில் வந்தன, இங்கே பூட்டினார்கள். 1956-இல் 163 வண்டி. போகப்போக எல்லாப் பாகமும் இங்கேயே வார்க்கப்பட்டது. 1970-இல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு உற்பத்தி நின்றுபோனது. 1977-இல் இங்கிருந்து புல்லட் அந்த நாட்டுக்கே ஏற்றுமதியானது. இதை எழுதும்போது இப்போதும் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.

வார்ப்பிரும்பு எஞ்சின் கொண்ட அந்தப் பழைய 350, எழுபது மில்லிமீட்டர் போர், தொண்ணூறு மில்லிமீட்டர் ஸ்ட்ரோக். இன்றைய வண்டியின் எஞ்சின் வேறு. பழையதைத் தொட்டுப் பழகிய கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. அவற்றின் அறிவு வந்து சேரும் இடமாக இந்த வீடியோக்கள் ஆகிவிட்டன.

நல்ல வீடியோவை முதல் நிமிடத்திலேயே கண்டுகொள்ளலாம். கேமரா வலப்பக்கம் நிற்கும். கிக்கர், டேப்பெட் மூடி, பாயிண்ட், பழைய மாடலில் கியர்கூட அந்தப் பக்கம்தான். இடப்பக்கம் போவது கிளட்ச்சைத் திறக்கும்போது. வண்டி தெரியாதவர் எடுத்த படம், பெட்ரோல் டேங்கின் பளபளப்பைச் சுற்றியே வரும்.

அடுத்தது ஒலி. டேப்பெட்டைச் சரிசெய்யும் பாடத்துக்குப் பின்னணி இசை போட்டால் பாடமே போயிற்று. தளர்ந்த டேப்பெட்டின் "டிக் டிக்" எப்படி இருக்கும், சரிசெய்த பிறகு அது எப்படி அடங்கும் என்பதைக் காது கேட்டால்தான் கை நம்பும். நான் மதிக்கும் ஒருவர், ஸ்பேனரை எடுப்பதற்கு முன்பு வண்டியை ஓடவிட்டு ஒரு நிமிடம் எதுவும் பேசமாட்டார். முடித்தபின் மறுபடி ஒரு நிமிடம். அந்த இரண்டு மௌனங்களுக்கும் நடுவில்தான் அவருடைய முழுப் பாடமும் இருக்கிறது.

டேப்பெட்டில் அளவுத்தகடு வேலைக்கு வராது. எஞ்சின் ஆறியிருக்கவேண்டும். பிஸ்டன் கம்ப்ரஷன் உச்சியில் நிற்கவேண்டும். சிறிய மூடியைக் கழற்றி, புஷ் ராடை இரு விரலால் உருட்டினால் அது தடையில்லாமல் சுழலவேண்டும். மேலும் கீழும் ஆடக்கூடாது. இந்த "தடையில்லாமல்" என்பதைப் படத்தில் எப்படிக் காட்டுவது? அதே மௌனக்காரர் மூன்று விதமாக உருட்டிக் காட்டுகிறார்: இறுகியது, தளர்ந்தது, சரியானது. இறுகிய ராடை உருட்டும்போது விரல்நுனி வெளுத்துப்போவது தெரிகிறது. எந்தக் கையேட்டிலும் நான் பார்க்காத விஷயம் அது.

எங்கள் வீட்டில் அப்பா வாங்கிய பழைய புல்லட் ஒன்று இருக்கிறது. அவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளாமல் விட்டது என் தவறு. அந்த மௌனக்காரரின் வீடியோவைப் பார்த்துத்தான் முதல்முறை டேப்பெட்டைத் தொட்டேன். ராட் அழகாகச் சுழன்றது. லாக் நட்டை இறுக்கினேன், ராட் பிடித்துக்கொண்டது. திரும்ப வீடியோவை ஓட்டினால், நான் அவசரத்தில் தாண்டிப்போன இடத்தில் அவர் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்: "நட்ட இறுக்கின பிறகு இன்னொரு தடவ உருட்டிப் பாருங்க, மாறியிருக்கும்." அவருக்கும் மாறியிருந்தது. வெட்டி எறியாமல் அந்தத் தப்பை விட்டு வைத்திருந்தார். பாயிண்ட் இடைவெளி 0.35-லிருந்து 0.40 மில்லிமீட்டர் என்று யாரும் சொல்லிவிடலாம். அளவு தவறியதைக் காட்டிச் சரிசெய்வதற்கு மனசு வேண்டும்.

கடல்தாண்டியும் இதே கதைதான். அமெரிக்காவில் ஜி.எம்.சி. கம்பெனி 1973 முதல் 1978 வரை வீடு போன்ற வண்டி ஒன்றைச் செய்தது. படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ளேயே. சுமார் 13,000 வண்டியோடு நிறுத்திவிட்டார்கள். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அதில் ஊர் சுற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் கழற்றிப் பூட்டியதை இன்னொருவர் பார்த்துப் பழகுகிறார். கம்பெனி கைவிட்ட வண்டியைச் சொந்தக்காரர்கள்தான் காப்பாற்றவேண்டியிருக்கிறது.

நம் தமிழ் வீடியோக்களில் எனக்கு ஒரு குறை உண்டு. தலைப்பு வைக்கத் தெரியவில்லை. "புல்லட் பிரச்சனைக்குத் தீர்வு" என்று போட்டால் யார் கண்டுபிடிப்பது? எந்த வருஷத்து வண்டி, பாயிண்டா எலக்ட்ரானிக்கா, என்ன சத்தம் என்று எழுதினால் தேடி வருகிறவனுக்குப் புண்ணியமாகப் போகும்.

திருவொற்றியூரிலோ ராயபுரத்திலோ உங்கள் தெருவில் பழைய புல்லட்டைப் பழுதுபார்த்த பெரியவர் ஒருவர் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை போனோடு போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள். வண்டியின் வலப்பக்கம் உட்காருங்கள். அவர் கைகளை எடுங்கள், குரலை எடுங்கள். பாட்டு மட்டும் போடாதீர்கள்.