நடைக்கு மின்சாரம் போதுமா?

பக்கவாதமோ பார்க்கின்சனோ வந்தவரின் தலைமேல் கம்பிச்சுருளை வைத்துக் காந்தத் துடிப்பு கொடுத்தால், அல்லது ஈரப் பஞ்சு மின்வாய்களைக் கட்டி மெல்லிய மின்சாரம் செலுத்தினால், தள்ளாடும் நடை சீராகுமா? கத்தி இல்லை, மயக்க மருந்து இல்லை. அதனால் ‘ஆகும்’ என்று சொல்லிவிட எல்லோருக்கும் ஆசை. ஆய்வுகளின் பதில் அவ்வளவு தாராளமானதல்ல.

இரண்டு முறைகளையும் ஒரே மூச்சில் பேசுவதிலிருந்தே குழப்பம் தொடங்குகிறது. 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அந்தோணி பார்க்கர் குழு உருவாக்கிய காந்தத் தூண்டல் (டி.எம்.எஸ்.) நரம்பணுக்களை உண்மையிலேயே இயக்குகிறது; சரியான இடத்தில் ஒரு துடிப்பு விழுந்தால் எதிர்ப்பக்கக் கட்டைவிரல் துள்ளும். ஜெர்மனியின் கோட்டிங்கனில் நிட்ஷேவும் பவுலஸும் 2000இல் நிறுவிக் காட்டிய நேர்மின்னோட்டத் தூண்டல் (டி.டி.சி.எஸ்.) அப்படியல்ல. ஒன்று, இரண்டு மில்லி ஆம்பியர் எந்த நரம்பணுவையும் இயக்கிவிடாது. இயங்கத் தயாரான நிலைக்குச் சற்றே நகர்த்தும், அவ்வளவுதான். அதிலும் பெரும்பங்கு தோலோடும் மண்டையோட்டோடும் நின்றுவிடுகிறது. இறந்தவர்களின் உடல்களில் அளந்து 2018இல் வெளியான ஓர் ஆய்வு, இந்த இழப்பை ஏறத்தாழ 75 விழுக்காடு என்றது.

நடை என்று வரும்போது உடலமைப்பே குறுக்கே நிற்கிறது. கையை ஆளும் பகுதி மூளையின் வெளிப்பரப்பில், சுருளுக்கு வாகான இடத்தில் இருக்கிறது. காலை ஆளும் பகுதியோ இரு அரைக்கோளங்களுக்கும் நடுவிலுள்ள பிளவின் உட்சுவரில், உச்சந்தலையிலிருந்து 3, 4 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒளிந்திருக்கிறது. வழக்கமான எட்டு வடிவச் சுருளின் வலு அங்கே போய்ச் சேர்வதற்குள் தேய்ந்துவிடும். கூம்பு வடிவ இரட்டைச் சுருள் எட்டும். ஆனால் இடக்கால், வலக்கால் பகுதிகள் அருகருகே இருப்பதால் ஒன்றை மட்டும் தொடுவது கடினம். மேலும், நடையை மூளையின் மேலடுக்கான புறணி தனியாக நடத்துவதில்லை. மூளைத்தண்டு, சிறுமூளை, தண்டுவடம் என எல்லாம் சேர்ந்து செய்கிற வேலை அது. ஐரோப்பிய நிபுணர் குழு 2020இல் வெளியிட்ட மதிப்பீட்டில், பக்கவாதத்துக்குப் பிந்தைய கை மீட்சிக்குக் காந்தத் தூண்டல் உயர்ந்த சான்றுநிலையைப் பெற்றது. நடைக்கு அந்த இடம் கிடைக்கவில்லை.

இந்தப் பின்னணியில் எனக்கு நம்பிக்கை தருவது ரோம் நகரிலிருந்து 2019இல் வந்த சோதனை. அவர்கள் காலின் புறணியைத் துரத்தவில்லை, சிறுமூளையைத் தேர்ந்தார்கள். பக்கவாதத்தால் ஒருபக்கம் தளர்ந்த 36 பேருக்கு மூன்று வாரம், பிசியோதெரபியோடு சேர்த்து, உண்மைத் தூண்டலோ போலித் தூண்டலோ தரப்பட்டது. 56 மதிப்பெண் கொண்ட பெர்க் சமநிலை அளவில், உண்மைத் தூண்டல் பெற்றவர்களின் சராசரி 34.5இலிருந்து 43.4க்கு ஏறியது. கீழே விழுந்துவிடுவோமோ என்று அஞ்சி வீட்டோடு முடங்கியவருக்கு இது சின்ன விஷயமில்லை. ஆனால் அதே சோதனையில், உடலியக்க மீட்சியை அளக்கும் ஃபூகல்-மேயர் அளவிலும், அன்றாட வேலைகளை அளக்கும் பார்தெல் அளவிலும் இரு குழுக்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை. விளம்பரங்களில் முதல் பாதி மட்டுமே இடம்பெற வாய்ப்பு அதிகம்.

சிறிய சோதனையில் கிடைத்த வெற்றி பெரிய சோதனையில் கரைவது இத்துறையின் தீராத நோய். பார்க்கின்சனில் கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நடை உறைந்துபோகும். 2018இல் 20 நோயாளிகளிடம், மூளையின் இரண்டு இடங்களை ஒருசேரத் தூண்டிய ஒரே அமர்வு அந்த உறைவைக் குறைத்தது. பல வாரங்கள் நீட்டி, 77 பேரிடம் சோதித்து 2021இல் முடிவு வெளியானபோது, உறைவைத் தூண்டிப் பார்க்கும் தேர்வில் போலித் தூண்டலைவிட அது மேலாக இல்லை. பக்கவாதத்துக்குப் பிந்தைய கை மீட்சியிலும் இதே கதைதான். 2018இல் வெளியான, 199 பேர் பங்கேற்ற அமெரிக்கச் சோதனையில் உண்மைத் தூண்டல் பெற்றவர்களில் 67 விழுக்காட்டினர் தேறினர்; போலித் தூண்டல் பெற்றவர்களில் 65 விழுக்காட்டினர். இரு தரப்புக்கும் பொதுவாக இருந்தது பயிற்சி.

ஆளுக்கு ஆள் பலன் மாறுவதும் உண்டு. லண்டனில் ஆரோக்கியமான 50க்கும் மேற்பட்டோரிடம் துடிப்புத் தொகுதிகளைக் கொடுத்துப் பார்த்த 2013ஆம் ஆண்டு ஆய்வில், சிலருக்கு எதிர்பார்த்த விளைவு, சிலருக்கு நேரெதிர் விளைவு. மொத்தத்தில் கூட்டிக் கழித்தால் ஒன்றுமில்லை. யாருக்குப் பலிக்கும் என்று முன்கூட்டியே சொல்ல வழியில்லாத ஒன்றை எல்லோருக்கும் ஒரே அளவில் கொடுப்பது எப்படிச் சரியாகும்? அளவுகோலும் இடிக்கிறது: நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் போய்த் திரும்பும் தேர்வில் ஒன்றிரண்டு நொடி மிச்சமானால், அவர் பேருந்தில் ஏறிவிடுவார் என்று அர்த்தமில்லை.

பாதுகாப்பைக் குறை சொல்ல முடியாது. தலைவலி, தோல் எரிச்சல், அரிதாகக் காந்தத் தூண்டலில் வலிப்பு. தலைக்குள் உலோகமோ காக்ளியர் செவிக்கருவியோ உள்ளவர்கள் காந்தச் சுருளுக்குத் தலை கொடுக்கக் கூடாது. மற்றபடி ஆபத்து குறைவு. ஆபத்து குறைவு என்பதையே பலன் உண்டு என்று காட்டி விற்பதில்தான் தவறு.

சிறுமூளைத் தூண்டலைப் பல மருத்துவமனைகள் சேர்ந்து, நூற்றுக்கணக்கானவர்களிடம், வீட்டிலும் தெருவிலும் நடக்கும் நடையை அளந்து சோதிக்க வேண்டும். அதுவரை இது ஆய்வுக்கூடத்துக்கு உரியது, விலைப்பட்டியலுக்கு அல்ல. உங்கள் வீட்டில் யாருக்காவது இதைப் பரிந்துரைத்தால், பிசியோதெரபி நாட்களைக் குறைத்து அந்தப் பணத்தை இதில் போடாதீர்கள்.