சென்றார், வந்தார்: பல்கலைக்கழக ஊழியர் வளர்ச்சி பற்றிய ஒரு நோக்கு

பல்கலைக்கழகங்கள் வெளியிடும் செய்திமடல்களிலும் ஆண்டறிக்கைகளிலும் ஊழியர் பற்றிய செய்திகளுக்கென ஒரு பகுதி ஒதுக்கப்பட்டிருக்கும். விரிவுரையாளர் ஒருவர் வெளிநாட்டுப் புலமைப்பரிசில் பெற்றமை, இன்னொருவர் கருத்தரங்கொன்றிற் கட்டுரை படித்தமை, மூன்றாமவர் ஐந்து நாட் பயிற்சிப்பட்டறையொன்றிற் கலந்துகொண்டமை ஆகியன அங்கே நிரல்படுத்தப்படும். அடுத்த பக்கத்தில் விண்ணப்பிக்கக்கூடிய வாய்ப்புகளும் அவற்றின் முடிவுத் திகதிகளும் காணப்படும். இப்பகுதியை எவரும் ஓர் எழுத்துவகையாகக் கொண்டு ஆராய்வதில்லை. ஆயினும், ஒரு நிறுவனம் தன்னைப் பற்றி யாது எண்ணுகின்றது என்பதைத் துணைவேந்தரின் உரையைக் காட்டிலும் இச்சிறு செய்திகளே தெளிவாகப் புலப்படுத்துகின்றன எனலாம்.

இச்செய்திகளின் வினைமுற்றுகளைக் கவனித்தல் தகும். ‘சென்றார்’, ‘பங்குபற்றினார்’, ‘பெற்றார்’, ‘நிறைவுசெய்தார்’ என்பனவே மீண்டும் மீண்டும் வருகின்றன. ‘கற்பித்தார்’, ‘பாடத்திட்டத்தை மாற்றினார்’, ‘தமிழில் எழுதினார்’ என்பன அருகியே வரும். செய்தி விமான நிலையத்திலே தொடங்கிச் சான்றிதழோடு முடிந்துவிடுகின்றது. சென்றவர் கொண்டுவந்தது யாது, அதனை எந்த வகுப்பு பெற்றது என்னும் வினாக்கள் அச்செய்தியின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. வளர்ச்சி என்பது ஒருவர் பெற்றுக்கொள்ளும் பொருள், அது அவருடைய தனிக்கோவையிலே சேர்க்கப்படவேண்டியது என்னும் கருத்து இந்நடையின் அடியில் இருப்பதைக் காணலாம். அக்கருத்து எவ்வளவு தூரம் பிழையானது என்பதற்கு இலங்கைப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறையின் வரலாறே போதிய சான்றாகும்.

1921 இல் அமைக்கப்பட்ட பல்கலைக்கழகக் கல்லூரி மாணவரை இலண்டன் பல்கலைக்கழகப் பரீட்சைகளுக்கு ஆயத்தஞ்செய்த நிறுவனமாகும். 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றிய பின்னரும் விரிவுரையாளர் உயர்பட்டத்துக்கு இலண்டனை நாடுவதே வழக்காயிருந்தது. 1930களில் இலண்டனிற் கலாநிதிப் பட்டம் பெற்ற க. கணபதிப்பிள்ளை ஆராய்ந்தது ஏழாம், எட்டாம் நூற்றாண்டுத் தமிழ்ச் சாசனங்களின் மொழியை ஆகும். மிகக் கடினமான, பெரும்பான்மையோருக்குச் சுவையற்ற ஒரு பொருள். ஆனால், திரும்பிவந்த அவர் யாழ்ப்பாணத்துப் பேச்சுமொழியில் நாடகங்களை எழுதினார். 1940 இல் ‘நானாடகம்’ வெளிவந்தது. சாசனங்களில் எழுத்துவழக்கையும் பேச்சுவழக்கையும் பிரித்தறியப் பயின்ற செவிக்கும், உடையார் வீட்டு விறாந்தையில் நிகழும் உரையாடலை அப்படியே எழுதிய கைக்கும் தொடர்பில்லை எனக் கொள்வது அரிது. பயிற்சி ஒரு துறையிற் பெறப்பட்டுப் பயன் இன்னொரு துறையில் விளைந்தது. எந்தப் படிவத்திலும் இத்தகைய விளைவுக்கு இடமில்லை.

சு. வித்தியானந்தனின் வரலாறு இதனினும் கவனிக்கத்தக்கது. பத்துப்பாட்டினை ஆராய்ந்து 1950 இல் இலண்டனிற் கலாநிதிப் பட்டம் பெற்றார். அவ்வாய்வோடு உறவுடைய ‘தமிழர் சால்பு’ 1954 இல் தமிழில் வெளிவந்தது. அதாவது, ஆங்கிலத்திற் செய்த ஆய்வின் துறைசார் அறிவு நான்கு ஆண்டுகளுள் தமிழ் மாணவனின் கைக்கு எட்டியது. அவர் இத்துடன் அமைந்திருப்பின் நல்ல விரிவுரையாளர் என்னும் பெயரோடு ஓய்வு பெற்றிருப்பார். ஆயின், மட்டக்களப்பிலும் மன்னாரிலும் கிராமங்கள்தோறும் சென்று கூத்துகளைக் கண்டு, ஏடுகளைத் தேடிப் பதிப்பித்து, விடியும்வரை ஆடப்பட்ட வடமோடிக் கூத்தினைச் சுருக்கிப் பேராதனை மாணவரைக் கொண்டு மேடையேற்றினார். 1962 இல் ‘கர்ணன் போர்’ அவ்வாறே உருவாயிற்று. இம்முயற்சியிலே பல்கலைக்கழக ஆசிரியரே மாணவராயினார். அண்ணாவியாரே ஆசிரியர். தாளக்கட்டையும் ஆட்டமுறையையும் இலண்டனில் எவரும் அவருக்குக் கற்பித்திருக்க முடியாது. ஈழத்துத் தமிழ் நாடக வரலாற்றைத் திசைதிருப்பிய இப்பயிற்சிக்குச் சான்றிதழ் இல்லை. அண்ணாவியாரின் ஒப்பம் பதவியுயர்வுக் குழுவொன்றிற் செல்லுபடியாகியிருக்குமா என்பதும் ஐயத்துக்குரியது. அம்மேடைகளில் ஆடிய மாணவருள் ஒருவரான சி. மௌனகுரு பின்னர்க் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் நுண்கலைத்துறையை வளர்த்தெடுத்தமை, ஓர் ஆசிரியரின் வளர்ச்சி எத்தனை தூரம் செல்லும் என்பதற்கு எடுத்துக்காட்டு.

க. கைலாசபதி சென்ற இடம் பேர்மிங்ஹாம். அவரை நெறிப்படுத்திய ஜோர்ஜ் தொம்சன் கிரேக்கப் பேராசிரியர், மார்க்சியர், தமிழ்ப் புலவரல்லர். சங்கப் பாடல்களைக் கிரேக்க வீரயுகப் பாடல்களோடு ஒப்பிட்ட அவ்வாய்வு 1966 இற் கலாநிதிப் பட்டத்தையும், 1968 இல் ஒக்ஸ்போட் பதிப்பாக ஆங்கில நூல் ஒன்றையும் தந்தது. செய்திமடல் ஒன்றுக்கு இவ்விரண்டும் போதுமானவை. ஆனால், தமிழ் வாசகரைப் பொறுத்தவரையிலே முக்கியமானது 1969 இல் வெளிவந்த ‘ஒப்பியல் இலக்கியம்’ என்னும் தமிழ் நூலாகும். பேர்மிங்ஹாமிற் பயின்ற முறை தமிழிலே பேசத் தொடங்கியமை அங்குதான். 1970 இல் அதே பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்ற கா. சிவத்தம்பியின் பண்டைத் தமிழ் நாடக ஆய்வு ஆங்கில நூலாவதற்கு 1981 வரை காத்திருக்க நேர்ந்தது என்பதையும் இங்கே நினைவுகூரலாம். எல்லாப் பயனும் ஒரே வேகத்தில் விளைவதில்லை. சிவத்தம்பியின் வகுப்புகளில் அமர்ந்தோர் அந்நூலுக்காகக் காத்திருக்கவில்லை.

இவ்வாறு கூறுவதனாற் பழைய முறை குறையற்றது என்று கொள்ளுதல் தவறு. அவ்வழியிற் சென்றோர் மிகச் சிலர். அவர்களுட் பெண்கள் அரியர். குடும்பத்தை விட்டு மூன்றாண்டு வெளிநாட்டில் வாழ்தல் எல்லோர்க்கும் இயலுவதன்று. மேலும், ஆராய்ச்சிக்குப் பயிற்சி அளித்த அம்முறை கற்பித்தலுக்கு எப்பயிற்சியையும் அளிக்கவில்லை. பட்டம் பெற்றவருக்குக் கற்பிக்கவும் தெரியும் என்பது அதன் ஊகம். இவ்வூகத்தின் விளைவை அனுபவித்தோர் மாணவரே. விரிவுரையாளர் குறிப்புச் சொல்ல, மாணவர் எழுதிக்கொள்ள, அக்குறிப்பே பரீட்சைத்தாளில் மீள எழுதப்பட, அதுவே உயர்கல்வி எனப்பட்ட வகுப்புகள் பல. கலைப்பீடங்களில் 1960 முதல் சுயமொழி போதனாமொழியாகியபோது, ஆங்கிலத்திற் பயின்ற விரிவுரையாளர் தமிழிற் கற்பிக்க வேண்டியவராயினர். கலைச்சொல்லும் பாடநூலும் போதாத அந்நிலைமையில் அவர்களுக்கு உதவப் போதிய ஏற்பாடு செய்யப்படவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் வழியிலே தட்டுத்தடுமாறிக் கற்றனர். கற்காதவரும் இருந்தனர்.

இவ்வகையில் 1997 இற் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் பணியாளர் அபிவிருத்தி நிலையம் தோன்றியமையும், பின்னர் ஏனைய பல்கலைக்கழகங்களில் அத்தகைய நிலையங்கள் அமைந்தமையும் உண்மையான முன்னேற்றமாகும். கற்பித்தலும் கற்றுக்கொள்ளப்படவேண்டிய தொழில் என்பதை அவை நிறுவனரீதியாக ஏற்றுக்கொண்டன. புதிதாக நியமிக்கப்பட்ட விரிவுரையாளர் ஒருவர் வகுப்பை ஆயத்தஞ்செய்தல், வினாத்தாள் அமைத்தல், மாணவரின் கருத்தைக் கேட்டறிதல் என்பவற்றை முறையாகப் பயில்கின்றார். சகவிரிவுரையாளர் ஒருவர் தமது வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்து நோக்குவதை ஏற்றுக்கொள்வதே, பேராசிரிய மிடுக்கில் ஊறிய ஒரு சூழலிற் சிறியதொரு புரட்சி எனலாம்.

எனினும், இரண்டு தடைகள் அதன் பயனைக் குறைத்துள்ளன. முதலாவது மொழி. இப்பயிற்சிகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடத்தப்படுவன. யாழ்ப்பாணத்திலோ வந்தாறுமூலையிலோ தமிழ்மொழி மூலம் வரலாறு கற்பிக்கப்போகும் ஒருவர், வினாக்கேட்டு மாணவரைச் சிந்திக்கத் தூண்டும் கலையை ஆங்கிலத்திற் பயின்று, ஆங்கிலத்திலேயே மாதிரி வகுப்பு நடத்திக் காட்டிச் சான்றிதழ் பெறுகின்றார். வகுப்பறையில் அவருடைய வாயில் தமிழ் வரும்போது பழைய குறிப்புச் சொல்லும் வழக்கமும் உடன்வருகின்றது. வினாவெழுப்பும் முறையைத் தமிழில் எவரும் அவருக்குக் காட்டவில்லை.

இரண்டாவது தடை கணக்கு. பதவியுயர்வுக்கான திட்டங்களில் ஆய்வு, கற்பித்தல், சமூகப்பணி ஒவ்வொன்றுக்கும் புள்ளிகள் உண்டு. புள்ளிமுறை தன்னளவிலே தீயதன்று. வேண்டியவர் வேண்டாதவர் என்னும் பாகுபாட்டிலிருந்து இளம் விரிவுரையாளருக்கு அது ஓரளவு பாதுகாப்பளிக்கின்றது. ஆயின், எண்ணக்கூடியதே எண்ணப்படும். இரண்டு நாட் பட்டறை எண்ணத்தக்கது. ஆறுமாதம் ஒரு நல்ல நூலை மாணவரோடு அமர்ந்து வரிவரியாக வாசித்தல் எண்ணத்தக்கதன்று. இதனோடு வாய்ப்புகளின் ஊற்றும் மாறியது. 2003 முதல் உலக வங்கியின் நிதியோடு அடுத்தடுத்து நடைபெற்ற உயர்கல்வித் திட்டங்கள் பலருக்கு மேற்படிப்பையும் பயிற்சியையும் அளித்தன. அவற்றாற் பயன்பெற்றோர் பலர் என்பதை மறைத்தல் நேர்மையன்று. ஆனால், திட்டத்துக்கு ஒரு முடிவுத் திகதி உண்டு. நிதியாண்டு முடியுமுன் பணம் செலவிடப்பட வேண்டும் என்பதற்காகவே நடத்தப்படும் பட்டறையில், கற்கவேண்டியது யாது என்னும் வினா இறுதியாகவே எழும்.

வாய்ப்புப் பற்றிய செய்தி எல்லோரையும் ஒரே நேரத்திற் சென்றடைந்ததுமில்லை. கொழும்பில் மேற்குறித்த நிலையம் தொடங்கிய 1997 இல், யாழ்ப்பாணத்துக்கும் தெற்குக்குமிடையிலான தரைவழி மூடப்பட்டிருந்தது. 1995 இன் இடப்பெயர்வின் பின் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் மீள இயங்கத் தொடங்கி அதிக காலம் ஆகவில்லை. 2002 இல் வழி திறக்கப்பட்டு 2006 இல் மீண்டும் மூடப்பட்டது. ஒரு நாட் பயிற்சிக்குக் கப்பலையோ விமானத்தையோ நம்பியிருக்க வேண்டிய ஒருவருக்கும், பேருந்தேறிச் சென்று மாலையில் வீடு திரும்பும் ஒருவருக்கும் ஒரே விண்ணப்பப் படிவம், ஒரே முடிவுத் திகதி, ஒரே புள்ளி. சமத்துவம் என்னும் சொல்லுக்கு இப்படியும் ஒரு பொருள் உண்டு போலும்.

இதுகாறும் கூறியன விரிவுரையாளர் பற்றியன. பல்கலைக்கழகத்தில் அவர்களிலும் தொகையான இன்னொரு பகுதியினர் உளர். அவர்களுக்கு நிர்வாகம் சூட்டிய பெயர் ‘கல்விசாரா ஊழியர்’. இச்சொல்லாக்கத்தைச் செய்தவர் ஆங்கிலச் சொல்லுக்கு நேர்ச்சொல் தேடினாரேயன்றிப் பிறிதொன்றையும் கருதியிருக்கமாட்டார். எனினும், தமிழிலே அதன் பொருள் கொடியது. கல்வியைச் சாராதவர் என ஒருவரை வரையறுத்த பின் அவருக்குக் கல்வி வாய்ப்பு எதற்கு? நூலகத்தில் முப்பது ஆண்டு பணியாற்றி, எந்தச் சஞ்சிகையின் எந்தத் தொகுதி எத்தட்டில் உண்டு, எது கறையானுக்கு இரையாயிற்று என்று விரல்நுனியில் வைத்திருக்கும் உதவியாளரை அறியாத ஆராய்ச்சி மாணவர் இல்லை. ஆய்வுகூடத்தில் பழுதடைந்த கருவியை மீள இயங்கச் செய்பவரும், தேர்வுப் பகுதியில் மாணவரின் பெறுபேறுகளைப் பிழையின்றிப் பேணுபவரும் இத்தகையோரே. பழைய சுவடிகளையும் பத்திரிகைகளையும் பேணும் முறையில் ஒரு மாதப் பயிற்சி அந்நூலக உதவியாளருக்கு அளிக்கப்படின், அதனால் விளையும் பயன் பல கருத்தரங்குகளின் பயனுக்கு மேற்பட்டதாயிருக்கும். செய்திமடலில் அவருடைய பெயர் பெரும்பாலும் ஓய்வுபெறும் மாதத்திலேதான் வருகின்றது.

இனி, விடுமுறை பற்றிய செய்தி. ஏழாண்டுச் சேவையின் பின் வழங்கப்படும் சபற்றிக்கல் விடுமுறையும், மேற்படிப்பு விடுமுறையும் பல்கலைக்கழக ஆசிரியருக்குரிய மிகச் சிறந்த வாய்ப்புகள். மேற்படிப்பு விடுமுறையிற் செல்பவர் திரும்பிவந்து குறித்த காலம் சேவையாற்றுவதாகப் பிணை எழுதிக் கொடுக்கின்றார். 2022 இன் பொருளாதார நெருக்கடியின் பின் பலர் திரும்பவில்லை, வேறு பலர் பதவி விலகிச் சென்றனர். அவர்களைக் குறைகூறுதல் இலகு. ரூபாவின் பெறுமதி வீழ்ந்த ஒரு நாட்டில், பிணைப் பணத்தைச் செலுத்தி விடுபடுவது எத்துணை எளிது என்பதைக் கணக்கிட ஒருவர் பொருளியல் பயின்றிருக்க வேண்டியதில்லை. ஆயின், பிணைமுறி திரும்பிவருதலை மாத்திரமே கேட்கின்றது. திரும்பியவர் செய்யவேண்டியது யாது என்பது பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. வந்தவர் தமது பழைய நேரசூசியிற் பழைய பாடத்தைத் தொடர்ந்து கற்பித்து ஆண்டுகளைக் கழிப்பினும் பிணை நிறைவேறிவிடும்.

திரும்பியவரிடம் அறிக்கை கேட்கும் வழக்கமும் உண்டு. அது ஆங்கிலத்தில் எழுதப்பட்டுப் பதிவாளர் அலுவலகக் கோவையிற் சேர்க்கப்படும். அவ்வறிக்கை துறையின் ஆசிரியர், மாணவர், நூலக ஊழியர் முன்னிலையிற் தமிழில் மூன்று விரிவுரைகளாக நிகழ்த்தப்பட வேண்டும் என ஒரு துறை தீர்மானிப்பதற்கு மூதவையின் அனுமதியோ உலக வங்கியின் நிதியோ வேண்டியதில்லை. ஒரு மண்டபமும் பிற்பகற் பொழுதும் போதும். அவ்விரிவுரைகளை அச்சிடுவதற்குத் தமிழ்ச் சங்க மலர்கள் உள்ளன. அம்மலர்களின் ஆசிரியர் குழுக்கள் கட்டுரை கேட்டு விரிவுரையாளரின் அறைவாயிலில் ஆண்டுதோறும் காத்துநிற்கின்றன. அவர்கள் பெரும்பாலும் கேட்கும் விடை, ‘அடுத்த மாதம் வெளிநாடு செல்லவிருப்பதால் நேரமில்லை’ என்பதாகும்.