வெறுங் கல்லறையும் காணாமற்போன உடலும்: உயிர்ப்புப் பகுதிகள் பற்றிய ஒரு நோக்கு

இயேசுவின் உயிர்ப்பைக் கூறும் விவிலியப் பகுதிகளை ஆராய்வோர் பெரும்பாலும் அவற்றின் முடிவிலிருந்தே தொடங்குவர். மரணம் வெல்லப்பட்டது, ஆகவே துயருறுவோர் ஆறுதல் கொள்க என்பதே அம்முடிவு. முற்போக்காளரோ அவ்வாறுதலை வெறும் மயக்கமெனத் தள்ளிவிடுவர். 1844 ஆம் ஆண்டு வெளிவந்த கட்டுரையில் சமயத்தை மயக்க மருந்துக்கு ஒப்பிட்ட மார்க்ஸ், அது மெய்யான துயரின் வெளிப்பாடும் அத்துயருக்கெதிரான கண்டனமும் ஆகும் என்பதையும் அதேயிடத்திற் கூறினார். முன்னதை யாவரும் அறிவர். பின்னதை நம்மவருட் பலர் மறந்தனர். இருசாராரும் கவனியாதது இப்பகுதிகளின் தொடக்கமாகும்.

நான்கு நற்செய்திகளும் வெற்றியோடு தொடங்கவில்லை; பெண்களோடும் காணாமற்போன ஓர் உடலோடும் தொடங்குகின்றன. யோவானில் மகதலா மரியா தேடுவது உயிர்ப்பையன்று, உடலையே. தோட்டக்காரன் எனத் தான் எண்ணியவனிடம் அதனை வைத்த இடத்தை வினவுகிறாள். லூக்காவில் பெண்களின் சாட்சியத்தைச் சீடர்களே பிதற்றல் எனக் கொள்கின்றனர். மத்தேயுவில் காவலர் பணம் பெற்று, தாம் உறங்குகையில் உடல் களவுபோயிற்று எனச் சொல்ல உடன்படுகின்றனர். அதிகாரம் உண்மைக்கு எதிராக ஒரு கதையை விலைகொடுத்து உருவாக்குவதை இதனினும் தெளிவாகக் காட்டுவது அரிது. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாயிற்றிக்கஸ், வத்திக்கானுஸ் ஆகிய கையெழுத்துப் பிரதிகளில், பெண்கள் அச்சத்தால் எவரிடமும் எதுவும் கூறாது ஓடுவதோடு மாற்கு முடிவுறுகிறது.

இவ்வாறு வாசிக்கும் தேவை நூலகத்திற் பிறந்ததன்று. கிளிநொச்சி மாவட்டத்துப் பூநகரிப் பிரதேசத்திலுள்ள ஜெயபுரம் போன்ற ஊர்களின் அநுபவமே அதனைக் கோருகிறது. 2008 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் போர் மன்னார் – பூநகரி வீதி வழியே வடக்கு நோக்கி நகர, அப்பகுதி மக்கள் கிழக்கே பெயர்ந்தனர். அப்பெயர்வு 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் முடிவுற்றபோது, சரணடைந்தோர் பலர் உறவினர் கண்முன்னே கொண்டுசெல்லப்பட்டனர். மே 18 அன்று வட்டுவாகலில் அவர்களோடு சென்ற கத்தோலிக்கக் குரு பிரான்சிஸ் ஜோசப் அடிகளாரும் திரும்பவில்லை.

2017 பெப்ரவரி 20 ஆம் நாள் கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் உறவினர் போராட்டத்தைத் தொடங்கினர். கொண்டுசெல்லப்பட்டோர் எங்கே என்பதே அவர்தம் கேள்வி. மரியாவின் கேள்வியும் அதுவே. 2020 ஜனவரியில் அன்றைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச, காணாமற்போனோர் இறந்துவிட்டனர் எனக் கூறியதாக அறிவிக்கப்பட்டது. மரணச் சான்றிதழ் பற்றியும் பேசப்பட்டது. உடலும் விசாரணையும் இன்றி மரணத்தை ஏற்க உறவினர் மறுத்தனர். அம்மறுப்பை அறியாமை எனக் கொள்வோர், கல்லறையருகே நின்ற பெண்ணையும் அறியாதவராவர்.

அவ்வாறாயின் இப்பகுதிகள் தரும் ஆறுதல் யாது? யோவான் காட்டும் உயிர்த்த உடலில் ஆணித்தழும்பும் விலாக்காயமும் அழியாதிருக்கின்றன. தோமா அவற்றைக் காணக் கோருகிறான். அவன் கடிந்துகொள்ளப்படினும் அவனது கோரிக்கை மறுக்கப்படவில்லை, காயங்கள் காட்டப்படுகின்றன. சாட்சியத்தை அழித்துவிட்டுச் சமாதானம் வழங்கும் ஆறுதலுக்கு இந்நூலில் இடமில்லை. நம்புவோர்க்கு இது தேறுதல். பழையதை மறந்துவிடுமாறு மக்களுக்குப் போதிக்கும் அரசுக்கும் ஆலயத்துக்கும் இதுவே அறைகூவல்.

எனினும் ஒரு வேறுபாட்டை நாம் மறைத்தலாகாது. தோட்டத்தில் மரியா தன் பெயர் அழைக்கப்படக் கேட்டாள். வன்னித் தாய்மார் இன்னும் கேட்டிலர். காத்திருந்தே மாண்டோர் பலர். அவர்களுக்கு மூன்றாம் நாளை அவசரமாக அறிவிக்கும் பிரசங்கம், அகற்றப்பட்ட கல்லை மீண்டும் வாயிலில் வைப்பதாகும். இவ்வகையில் மாற்குவின் பழைய முடிவே அவர்தம் நிலைக்கு அண்மையானது. அங்கு அச்சமும் மௌனமுமே எஞ்சுகின்றன. ஆயின் அம்மௌனம் நிலைத்திருப்பின் அக்கதை நம்மை எட்டியிராது. அப்பெண்கள் பின்னர் பேசியிருத்தல் வேண்டும். வீதியோரத்தில் நிழற்படங்களை ஏந்தியமர்ந்த தாய்மாரும் பேசினர். அவர்தம் சொல்லைப் பிதற்றல் எனத் தள்ளாது செவிகொடுப்பதே, நம்புவோர்க்கும் நம்பாதோர்க்கும் இப்பகுதிகள் விதிக்கும் பொதுக்கடமையாகும்.