ஓடிய மெஷினுக்கு விலை சொல்லும் கலை

பழைய லேத் ஒன்றுக்கு விலை சொல்ல வரும் நல்ல மதிப்பீட்டாளர், அதை ஓட்டிக் காட்டச் சொல்வதற்கு முன் ஹெட்ஸ்டாக் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். சூடு தெரிந்தால், தான் வருவதற்குள் யாரோ அரை மணி நேரம் ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று புரிந்துகொள்வார். ஆறட்டும் என்று டீ குடிக்கப் போய்விடுவார். ராத்திரி முழுக்கச் சும்மா கிடந்த மெஷின் காலையில் முதல் தடவை எழும்போது போடும் சத்தத்தில்தான் பேரிங்கும் கியரும் கிளட்ச்சும் உண்மையைச் சொல்லும். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஸ்பிண்டில் பேரிங் இருக்கும் இடத்தில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்து, ஒவ்வொரு வேகத்திலும் அவர் கேட்பதைப் பக்கத்தில் நின்று பார்ப்பதே எனக்குப் பெரிய சுகம்.

இந்தத் தொழிலைப் பற்றி யாரும் ரசித்து எழுதுவதில்லை. பேங்க் லோனுக்கு ஒரு பேப்பர், இன்சூரன்சுக்கு ஒரு பேப்பர் என்ற அளவில்தான் பலரும் இதைப் பார்க்கிறார்கள். கோவையில் பீளமேடு, கணபதி, குறிச்சி சிட்கோ பக்கத்துப் பட்டறைகளில் கைதேர்ந்த மதிப்பீட்டாளர்கள் வேலை செய்வதைப் பார்த்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்து வயது பார்க்கிறவர் அதோடு விடுவதில்லை. சுழி பார்ப்பார், நடக்கவிட்டும் பார்ப்பார். இவர்களும் அப்படித்தான். வாங்கிய வருஷம் அவர்களுக்கு ஆரம்பம் மட்டுமே. இத்தனை வருஷமும் அந்த மெஷின் எப்படி உழைத்தது, யார் கையில் உழைத்தது என்பதைத் தேய்மானத்திலிருந்து படித்துவிடுகிறார்கள்.

லேத்தின் பெட்டையே எடுத்துக்கொள்வோம். அது ஒரே சீராகத் தேய்வதில்லை. பெரும்பாலான வேலை சக்கை ஒட்டியே நடக்கிறது. சின்னச் சின்ன உருப்படிகளைக் கடைந்து கடைந்து, சேடில் வருஷக்கணக்கில் அந்த ஒன்றரை அடிக்குள்ளேயே போய் வருகிறது. டெயில்ஸ்டாக் பக்கமோ ஏறக்குறைய வாங்கியபடியே இருக்கும். மதிப்பீட்டாளர் சேடிலைச் சக் பக்கம் கொண்டுபோய் நிறுத்தி, ஆட்டம் இல்லாதபடி ஜிப்பை இறுக்குவார். பிறகு கைவீலை மெதுவாகச் சுற்றி டெயில்ஸ்டாக் பக்கம் நகர்த்துவார். நல்ல பெட் என்றால் கடைசி வரை கைக்கு ஒரே கனம்தான் தெரியும். தேய்ந்த பெட்டில் போகப்போகக் கனத்து, ஓரிடத்தில் வீல் பிடித்துக்கொண்டு நின்றுவிடும். தேய்ந்த பள்ளத்திலிருந்து தேயாத மேட்டுக்கு சேடில் ஏற முடியாமல் நிற்கும் இடம் அது. ஒரு கருவியும் இல்லாமல், இருபது வருஷத்து உழைப்பை ஒரு நிமிஷத்தில் கையால் படித்துவிட்டார். இந்தச் சோதனைக்கு ஈடாக அழகான ஒன்றை நான் எந்தத் தொழிற்சாலையிலும் பார்த்ததில்லை.

பெட்டின் மேல் பிறை வடிவத்தில் வரிசையாகச் சின்னக் கீறல்கள் இருக்கும். கையால் ஸ்க்ரேப் செய்து போட்டவை. எண்ணெய் தங்குவதற்கு உதவும். தேய்மானம் முதலில் அழிப்பது அவற்றைத்தான். முப்பது வருஷத்து மெஷினில் சக்குக்குக் கீழேயும் பிறைகள் பளிச்சென்று இருந்தால் இரண்டில் ஒன்றுதான் நடந்திருக்கும். பெட்டை முறையாக கிரைண்டிங் செய்து மறுபடி ஸ்க்ரேப் செய்திருக்கலாம். அல்லது தேய்ந்த பெட்டின் மேலேயே கண்ணுக்காகக் கோடு இழுத்திருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய அவர் பெட்டை விட்டுவிட்டு லீட் ஸ்க்ரூவுக்குப் போவார். பெட்டை கிரைண்டிங் செய்தால் சேடில் அந்த அளவுக்குக் கீழே இறங்கும். இறங்கிய உயரத்தை அடியில் டர்சைட் பட்டை ஒட்டியோ வேறு வழியிலோ ஈடுகட்டாவிட்டால், ஆஃப் நட்டும் லீட் ஸ்க்ரூவும் ஒரே நேர்கோட்டில் இருக்காது. மரை வெட்டப் போட்டதும் இறுகும். ஆக, பெட்டில் செய்த வேலை யோக்கியமானதா என்பதற்குச் சாட்சி ஒரு முழம் தள்ளி இருக்கிறது. அந்தச் சாட்சியைத் தேடிப் போகத் தெரிந்தவரைத்தான் நான் கலைஞர் என்கிறேன்.

கைச்சோதனைக்குப் பிறகே டயல் கேஜ் வெளியே வரும். பெர்லினில் பேராசிரியராக இருந்த கியோர்க் ஷ்லெசிங்கர் 1927-இல் மெஷின்களைச் சோதிக்கும் முறைகளைத் தொகுத்து வெளியிட்டார். ஹிட்லர் ஆட்சி அவரைச் சிறையில் அடைத்தது. பிறகு நாட்டை விட்டே வெளியேறி, கடைசியில் இங்கிலாந்தில் இறந்தார். அவர் வகுத்த முறை இன்றும் பட்டறைகளில் உயிரோடு இருக்கிறது. ஸ்பிண்டில் துளையில் டெஸ்ட் மேன்ட்ரலைச் செருகிச் சுற்றினால், சாதாரண லேத்தில் முனையருகே 0.01 மி.மீ., 300 மி.மீ. தள்ளி 0.02 மி.மீ. வரை ஆட்டம் இருக்கலாம். 1953-இல் பெங்களூரில் தொடங்கிய எச்.எம்.டி.யின் லேத்தோடு வந்த டெஸ்ட் சார்ட்டைப் பத்திரமாக வைத்திருக்கும் முதலாளிகள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் காகிதத்தின் அளவையும் இன்றைய அளவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டும் ரிப்போர்ட், படிக்கப் படிக்கச் சலிக்காது.

சி.என்.சி. மெஷினில் படிக்க வேண்டிய இடம் வேறு. எத்தனை மணி நேரம் கரண்டில் இருந்தது, எத்தனை மணி நேரம் வெட்டியது என்பதைப் பல கன்ட்ரோலர்களின் திரையே காட்டும். ஆனால் இரும்பு நூறு சதம் நன்றாக இருந்தாலும், கன்ட்ரோலருக்கு மாற்று போர்டு இனி வராது என்றால் விலை சரிந்துவிடும்.

மெஷினிடம் எந்தக் குற்றமும் இல்லாமலே மதிப்பு போவதும் உண்டு. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத நிலை வரும் வரை திருப்பூர்ச் சாய, சலவை ஆலைகளை மூட உத்தரவிட்டது. முந்தின நாள் வரை சாயம் போட்ட சாஃப்ட் ஃப்ளோ மெஷின் மறுநாளும் அதே மெஷின்தான்; பம்ப்பில் குறையில்லை, எவர்சில்வர் தொட்டியில் கீறல் இல்லை. டயல் கேஜ் எதையும் காட்டாது. சுத்திகரிப்புக்கு வழியில்லாத ஆலையில் ‘இங்கேயே ஓட்டுவதற்கு’ என்று அதற்குச் சொல்லக்கூடிய விலை ஒன்று. ‘கழற்றி வேறு ஊருக்குக் கொண்டுபோய் ஓட்டுவதற்கு’ என்றால் இன்னொன்று. காயலான் கடைக்குப் போகும் இரும்பு விலை மூன்றாவது. மூன்றும் உண்மையான விலைதான். எந்தக் கேள்விக்கு எந்த விலை என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டுத்தான் நல்ல மதிப்பீட்டாளர் ரூபாய்க் கணக்குக்குள் போவார். அந்த ஒரு வரி இல்லாத ரிப்போர்ட்டை, எத்தனை போட்டோ ஒட்டியிருந்தாலும், நான் மதிக்க மாட்டேன்.

கணக்கிலும் நயம் உண்டு. அதே அளவு பாய்லர் இன்று சந்தையில் இல்லை, இருமடங்கு பெரியதன் விலைதான் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பாதியாக்கினால் தவறு. தகடும் வெல்டிங்கும் ஆள்கூலியும் கொள்ளளவுக்கு நேர் விகிதத்தில் ஏறுவதில்லை. கொள்ளளவு இரட்டித்தால் விலை சுமார் ஒன்றரை மடங்குதான் ஆகும் என்பது வேதித் தொழிற்சாலைக்காரர்கள் வெகுகாலமாகக் கைக்கொள்ளும் கணக்கு. மூன்றில் இரண்டு பங்கு என்று மதிப்பீட்டாளர் போடுவதற்குப் பின்னால் இந்த அனுபவம் இருக்கிறது. நிறுவனச் சட்டத்தின் அட்டவணை பொதுவான இயந்திரங்களுக்கு 15 வருஷ ஆயுள் என்கிறது. அது கணக்குப் புத்தகத்துக்கான ஆயுள். நன்றாகப் பார்த்துக்கொண்ட லேத் அதற்கு இரண்டு மடங்கு காலம் தாண்டியும் சோறு போடுகிறது.

2013 நிறுவனச் சட்டத்தின் 247-ஆம் பிரிவும் 2017 விதிகளும் பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் என்ற முறையைக் கொண்டுவந்தன; நிலமும் கட்டடமும் ஒரு வகை, ஆலையும் இயந்திரமும் ஒரு வகை, பங்கும் நிதிச் சொத்தும் ஒரு வகை. 2016-இன் நொடிப்பு விதிகள் இரண்டு மதிப்பீட்டாளர்களைத் தனித்தனியே கணக்கிடச் சொல்லின. இருவரின் தொகையும் மிகவும் விலகினால் மூன்றாமவரை அழைக்கலாம். இது எனக்குப் பிடித்த ஏற்பாடு. தேர்ந்த இருவர் ஒரே மெஷினைப் பார்த்து வெவ்வேறு தொகை சொல்ல இடமுண்டு என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது. ஏன் அந்தத் தொகை என்பதைக் காரணத்தோடு எழுத வேண்டிய பொறுப்பு இருவர் மேலும் விழுகிறது.

பட்டறை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மதிப்பீட்டாளர் வருகிறார் என்று மெஷினுக்குப் புது பெயின்ட் அடிக்காதீர்கள். பெயின்ட்டுக்கு அடியில் என்ன என்று தேடவே அவருடைய பாதி நேரம் போகும், மிச்சப் பாதியில் சந்தேகம் நிற்கும். எண்ணெய் மாற்றிய தேதி, பேரிங் மாற்றிய பில், பழைய டெஸ்ட் சார்ட் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். மெஷினை ஆறவிட்டு, அவர் கண்முன்னே ஸ்டார்ட் செய்யுங்கள். ரிப்போர்ட் கைக்கு வந்ததும் கடைசிப் பக்கத்துத் தொகையைத் தேடாமல், எந்த அடிப்படையில் இந்த மதிப்பு என்ற முதல் பக்கத்து வரியைப் படியுங்கள்.